பெண் பார்க்க வந்த கமிஷன்

கோர்ட்டு நோட்டீஸை வாசற்கதவில் ஒட்டிவிட்டுப் போன அமீனாவை மறியக்குட்டி வாயாரத் திட்டினாள். வீட்டில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து வந்து, புதிதாக வார்னிஷ் அடித்த கதவில் பசையைத் தாராளமாகத் தடவிவிட்டுப் போயிருந்தான். சனிக்கிழமை மகள் ரின்ஸியைப் பெண் பார்க்க வருகிறார்கள். கேஸ் நடக்கிற வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? வெந்நீர் விட்டுச் சுரண்டி எடுத்து அடுப்பில் போட்டாள்.

"என்ன போட்டிருக்குன்னாவது பாத்தியா?" என்றான் கணவன் தேவஸ்ஸி.

"நான் எதுக்குப் பாக்கணும்? வக்கீலுக்குக் கொட்டி அழறோமே, அவன் பாக்கட்டும்."

கேஸ் ஒரு நடைவழியைப் பற்றியது. பின்வீட்டு வறீதின் குடும்பம் வருஷக்கணக்காக மறியக்குட்டியின் முற்றத்தோரமாக நடந்துதான் முன்பக்க ரோட்டுக்கு வரும். நாலு வருஷத்துக்கு முன் வறீது, தன் ஓட்டுக்கூரைமேல் சாய்ந்திருந்த அவளுடைய பலாக்கிளையை ஒரு வார்த்தை கேட்காமல் வெட்டிப் போட்டார். கிளை முழுக்கக் காய். மறுநாளே அவள் அந்த வழியில் நெருக்கமாக மரவள்ளிக் கப்பை நட்டு அடைத்தாள். அவர் இரிஞ்ஞாலக்குடா கோர்ட்டுக்குப் போனார். அங்கே வழி என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்று இவர்கள் தரப்பில் எழுதிக் கொடுத்தாயிற்று. பச்சைப் பொய்தான். ஆனால் காயெல்லாம் போன வயிற்றெரிச்சலில் அவளுக்கு அது உறுத்தவில்லை.

சனிக்கிழமை, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வாசலில் கார் வந்து நின்றது. வெள்ளைச் சட்டை போட்ட இளைஞன் ஒருவன், கூடவே பெரியவர்கள் இரண்டு பேர். பையன் கையில் ஒரு ஃபைல். ஜெபின் குவைத்தில் வேலை பார்க்கிறவன், எல்லாவற்றுக்கும் காகிதம் வைத்திருப்பான் என்று மறியக்குட்டி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கண்ணாடி போடாமல் போட்டோ பார்த்தவளுக்கு முகம் எங்கே நினைவிருக்கும்?

"வாங்க மோனே, வாங்க. உக்காருங்க."

"உக்கார நேரமில்ல. முதல்ல இடத்தப் பாத்துடலாம்," என்றான் அவன்.

மறியக்குட்டிக்குச் சுருக்கென்றது. பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் இடத்தைக் கேட்கிறானே, ஆசைக்கும் ஒரு அளவில்லையா? இருந்தாலும் ரின்ஸிக்குப் பிடித்துப்போன பையன். இரண்டு மாதமாக அவனோடு பேசிப் பேசிப் போனும் கையுமாக இருக்கிறாள். எதையும் முகத்தில் காட்டாமல் சிரித்து, வம்படியாக மூவரையும் உட்கார வைத்தாள். அச்சப்பமும் குழலப்பமும் மேசைக்கு வந்தன. ரின்ஸி சாயாத் தட்டோடு வந்தாள்.

"அய்யோ, எனக்கு வேண்டாம். இந்த வீட்டுல நான் பச்சத்தண்ணி குடிக்கக்கூடாது," என்றான் பையன்.

மறியக்குட்டிக்கு உயிரே போய்விட்டது. பெண்ணைப் பார்த்த கையோடு சாயா வேண்டாம் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். "என் மகளுக்கு என்ன கொறச்சல்?" என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் ரின்ஸி தட்டை மேசையில் வைத்தாள்.

"அம்மச்சி, இது ஜெபின் இல்ல."

"பின்ன யாரு?"

"கோர்ட்டு கமிஷனர்," என்றான் இளைஞன். காது சிவந்துவிட்டது அவனுக்கு. "வழி இருக்கா இல்லையான்னு பாத்து ரிப்போர்ட் எழுதணும். இவர் சர்வேயர், இவர் அமீனா. கதவுல நோட்டீஸ் ஒட்டினமே, பாக்கலியா?"

தேவஸ்ஸி மனைவியைப் பார்த்தான். மறியக்குட்டி கூரையைப் பார்த்தாள்.

"மோனே, நாளைக்கு வாயேன். இன்னிக்கு இவளப் பொண்ணு பாக்க வராங்க. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"எதிர்த்தரப்புக்கும் சொல்லியாச்சு சேச்சி. மாத்த முடியாது. சீக்கிரம் முடிச்சுடறோம்."

முற்றத்தில் சர்வேயர் டேப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தபோது கப்பைச் செடிகள் அசைந்தன. இரண்டு கையாலும் அவற்றை விலக்கிக்கொண்டு வறீது வந்தார். அவருக்குப் பின்னால் பட்டுப் புடவையும் கையில் செருப்புமாக ஒரு அம்மாள், அவள் புருஷன், கடைசியில் நிஜமான ஜெபின். போனில் வழி பார்த்து வந்த கார், பின்பக்க வாய்க்கால் ரோட்டில் திரும்பி வறீதின் வாசலில் போய் நின்றிருக்கிறது.

நாலு வருஷமாகப் பேச்சில்லாத மனுஷன். இப்போது அவர் வாயில்தான் ரின்ஸியின் வாழ்க்கை இருக்கிறது. மறியக்குட்டி முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கடவுளே, இந்த ஆள் இன்றைக்கு ஊமையாகிவிடக்கூடாதா?

"என்ன அளந்துட்டிருக்காங்க?" என்று கேட்டார் ஜெபினின் அப்பா.

வறீது டேப்பைப் பார்த்தார். கமிஷனரைப் பார்த்தார். பிறகு மறியக்குட்டியின் முகத்தையும் பார்த்தார்.

"பந்தலுக்கு," என்றார்.

"நாங்க இன்னும் பொண்ணையே பாக்கலியே."

"பாத்தா வேணாம்னு சொல்ல மாட்டீங்க. எங்க கையில வளந்த பொண்ணு. அதான் முன்கூட்டியே அளக்கச் சொல்லியாச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். மறியக்குட்டிக்குச் சிரிப்பு வரவில்லை, கண்ணில் நீர்தான் வந்தது. ஜெபினின் அம்மா புடவையில் ஒட்டிய இலையைத் தட்டிவிட்டபடி கேட்டாள்: "ஆமா, இது வழிதானா, இல்ல தோட்டத்த மிதிச்சுட்டு வந்தோமா?"

கமிஷனரின் பேனா நின்றது. தேவஸ்ஸி இருமினான். இல்லை என்று தலையாட்டினால் போதும், கேஸ் அப்படியே இருக்கும்.

"வழிதான்," என்றாள் மறியக்குட்டி. "அப்பல்லாம் முன்பக்கம் ரோடே கெடையாது. கல்யாணம் முடிஞ்சு நான் இந்த வீட்டுக்கு நடந்து வந்ததே இதுவழியாத்தான். நல்ல மழை. வறீதேட்டன்தான் வாய்க்கால்லேர்ந்து எனக்குக் குடை பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாரு. அவரு தொப்பலா நனஞ்சுட்டாரு."

கோர்ட்டுக் காகிதங்களில் நாலு வருஷமாக வாதி என்று மட்டுமே இருந்த மனுஷர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தேவஸ்ஸி அவள் காதருகே, "அடியே, வக்கீல் கொன்னுடுவான்," என்றான். அவள் அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கமிஷனர் பக்கம் திரும்பினாள்.

"மோனே, பந்தலோட இந்த வழியையும் சேத்து அளந்துக்கோ. கொஞ்சம் அகலமாவே போடு. கல்யாணத்துக்கு வறீதேட்டன் வீட்டு ஆளுங்க அந்தப் பக்கமாத்தானே வரணும்."