அணைப்புத் தாத்தா

எங்கப்பாவுக்கு என் மகள் வெச்ச பேரு அணைப்புத் தாத்தா. நாம எழுந்து தண்ணி குடிக்கப் போனா போதும், திரும்பி வர்றதுக்குள்ள ஃபேனை அணைச்சிருப்பார். ஒரே ஒரு குண்டு பல்பு வெளிச்சத்துல வளர்ந்த மனுஷன். மகளோ நேர் எதிர். அவளுக்குப் பட்டப்பகல்லயே வீடு நகைக்கடை மாதிரி ஜொலிக்கணும். ரெண்டு பேரையும் திட்டித் திட்டியே என் நுரையீரல் போச்சுன்னு சொல்லுவேன். உண்மையில அது மரப் பட்டறையில நான் தின்ன தூசி. இப்ப மூக்குல குழாய், கட்டில் பக்கத்துல ஆக்சிஜன் மெஷின்.

ஒரு நாள் சாயங்காலம் புயல்ல கரண்ட் போச்சு. மெஷின் 'கீ'ன்னு கத்திட்டு நின்னுடுச்சு. எனக்கு மூச்சு முட்ட ஆரம்பிச்சுது. மகள் வாசலுக்கு ஓடி, அவளோட மின்சாரக் காரை வீட்டு லைன்ல மாட்டினா. வீட்டு விளக்கெல்லாம் எரிஞ்சுது, மெஷின் மறுபடி உறும ஆரம்பிச்சுது. அடேயப்பா! வீட்டுக் கரண்டைக் குடிச்ச வண்டி வீட்டுக்கே ஊட்டுது!

ஆனா வண்டியில எவ்வளவு சார்ஜ் மிச்சம்னு ஃபோன்ல பார்த்ததும் அவ முகம் வெளிறிப்போச்சு. "நடு ராத்திரி வரைக்கும்தான் தாங்குமாம். காலையில சார்ஜ் போட்டேனே, யார் பிடுங்கினது?"

அப்பா மெதுவா கையைத் தூக்கினார். "நான்தாம்மா. சும்மா நிக்கிற வண்டிக்கு எதுக்குக் கரண்ட்னு..."

ரோடெல்லாம் மரம் விழுந்து கிடக்கு, விடியாம யாரும் வர முடியாது. மூச்சு மட்டும் இருந்திருந்தா அவரை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டிருப்பேன்.

அவர் எழுந்து போனார். ஃப்ரிட்ஜ், டக். ஹால் விளக்கு, டக். டிவிக்குக் கீழ சிவப்பா முழிச்சுக்கிட்டிருந்த குட்டி வெளிச்சம், டக். அலமாரிக்குப் பின்னாடி எங்களுக்கே தெரியாம ஓடிக்கிட்டிருந்த ஏதோ ஒரு டப்பா, அதையும் விடல.

"அப்பா... நேரம் ஏறுதுப்பா!"ன்னு என்கிட்ட கத்தினா மகள்.

ஃபோனை என் முகத்துக்கு நேரா பிடிச்சா. நடு ராத்திரின்னு இருந்தது விடியற்காலைன்னு மாறுச்சு. அடுத்த அறையில டக். காலை. இன்னொரு டக். மத்தியானத்தையும் தாண்டிடுச்சு. அவர் இருட்டுல தடவித் தடவி நடக்க நடக்க, என் ஆயுசு நீளுறதை நான் கண்ணால பார்த்தேன்.

கடைசியா என் அறைக்கு வந்தார். பழக்கத்துல கை மெஷின் சுவிட்சுக்கே போச்சு. சுட்ட மாதிரி வெடுக்குன்னு இழுத்துக்கிட்டார்.

"எல்லாம் அணைச்சாச்சாப்பா?"ன்னு கேட்டேன்.

"ஒண்ணு பாக்கிடா"ன்னு சொல்லிட்டுக் குனிஞ்சு, எனக்கு நினைவு தெரிஞ்சு முதல் தடவையா, என்னை அணைச்சுக்கிட்டார்.