பிறைக்கு எழுபத்திரண்டு மணி நேர நோட்டீஸ்

இதனால் சகல ஜனங்களுக்கும் தெரிவிப்பது யாதெனில், வானத்தில் பிறை தோன்றுவதாக இருந்தால் எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு முன்பே எழுத்துமூலம் தகவல் கொடுத்துவிட்டுத்தான் தோன்ற வேண்டும். தவறினால் கட்டிய பணம் திருப்பித் தரப்பட மாட்டாது. இந்தச் சட்டத்தை இயற்றியது நாடாளுமன்றம் அல்ல. திண்டுக்கல் பைபாஸ் ரோட்டில் இரண்டு வருஷத்துக்கு முன்பு முளைத்த மூன்று நட்சத்திர ஓட்டல்.

சௌகத் அலிக்கு இது வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குத் தெரியவந்தது. அன்றைக்கு முப்பதாவது நோன்பு. வயிறு காலியாக இருந்ததால் கோபத்துக்குத் தாராளமாக இடம் இருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவருக்குப் பிரியாணிக் கடை. வருஷத்தில் கடை பூட்டுவது இரண்டு பெருநாளைக்கு மட்டும். அதனால் அந்தக் குடும்பத்தில் எந்த விசேஷமானாலும் பெருநாள் சாயங்காலம்தான் நடக்கும். மகள் ஹாஃபிஸாவின் நிச்சயதார்த்தத்தையும் நோன்புப் பெருநாளுக்கே வைத்திருந்தார். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறார். திரும்பி வர இரண்டு வருஷம் ஆகும்.

காலண்டரில் பெருநாள் வெள்ளிக்கிழமை என்று சிவப்பில் போட்டிருந்தது. பிறை தெரிந்தால்தான் பெருநாள் என்பது சௌகத் அலிக்கு ஐம்பத்து நாலு வருஷமாகத் தெரியும். அந்த ஞானத்தை ஓட்டல் ஏசியில் உட்கார்ந்த இருபதாவது நிமிஷத்தில் மறந்துவிட்டு, பதினெட்டுப் பக்க ஒப்பந்தத்தில் பதினெட்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டார். முழுப் பணத்தையும் கட்டினார். வியாழக்கிழமை சாயங்காலம் ஊரே மாடியில் நின்று பார்த்தும் பிறை தெரியவில்லை. சனிக்கிழமைதான் பெருநாள் என்று காஜி அறிவித்துவிட்டார். பெருநாளுக்கு அழைத்த சொந்தங்களும் இனிச் சனிக்கிழமைதான் வரும்.

எதிரே ஜெரோம் உட்கார்ந்திருந்தார். சட்டையில் குத்தியிருந்த பட்டையில் அவருடைய பதவி மூன்று வரிக்கு ஓடியது. சுருக்கமாகச் சொன்னால், ஹாலை வாடகைக்கு விடுகிறவர்.

“ஒரு நாள் தள்ளிப் போடுங்க தம்பி, அம்புட்டுத்தான். நாளைக்கு ஹால் சும்மாத்தான கெடக்கு?”

“கெடக்கு சார். ஆனா தேதி மாத்துனா எங்க பாலிசிப்படி அது கேன்சல். எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள கேன்சல் பண்ணா ரீஃபண்ட் கெடையாது. நாளைக்கு வேணும்னா புதுசா புக் பண்ணிக்கலாம். ஃபுல் பேமென்ட்.”

“நான் எங்க கேன்சல் பண்ணேன்? பிறை தெரியலப்பா!”

“பிறை எங்க கன்ட்ரோல்ல இல்லையே சார்.”

“என் கன்ட்ரோல்ல இருக்கா? என்னைய என்னன்னு நெனச்ச?”

கூட வந்திருந்த ஹாஃபிஸா ஒப்பந்தத்தைப் புரட்டினாள். அந்தக் காகிதத்தை முதன்முதலாகப் படித்த மனுஷப் பிறவி அவளாகத்தான் இருக்க வேண்டும். “பதிமூணாம் பக்கம் பாருங்க. தெய்வச் செயலா இருந்தா முழுப் பணமும் திருப்பித் தருவோம்னு போட்டிருக்கு.”

“அது வெள்ளம், புயல், பூகம்பம், கலவரம் மேடம். லிஸ்ட்ல நிலா இல்ல.”

“கலவரம் தெய்வச் செயலு, நிலா இல்லையா?” சௌகத் அலி மேஜையில் அறைந்தார். “அப்ப நிலா யாரு செயலு? ஒங்க மெட்ராஸ் ஹெட் ஆபீஸு செயலா?”

ஜெரோம் ஹெட் ஆபீசுக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். சட்டப் பிரிவிலிருந்து தமிழ்மதி என்ற பெண் பேசினார். குரலில் தேன் சொட்டியது. “நிலா மாசா மாசம் வர்றதுதானே சார். அதை எதிர்பாராத நிகழ்வுன்னு எடுத்துக்க முடியாது.”

போன் வைக்கப்பட்டது. ஹாஃபிஸா பில்லை எடுத்து நீட்டினாள்.

“இதுல பண்டிகை நாள் கூடுதல் கட்டணம்னு இருவது பர்சென்ட் வாங்கியிருக்கீங்க. இன்னைக்கு என்ன பண்டிகை?”

ஜெரோம் நெற்றியைத் துடைத்தார். “புக் பண்றப்ப பண்டிகையா இருந்துச்சு மேடம்.”

“நாளைக்குப் புக் பண்ணா?”

“நாளைக்கும் பண்டிகை ரேட்டுதான். நாளைக்குத்தான பெருநாள்?”

சௌகத் அலி எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. “ஏலே, ஒரே வருசத்துல ரெண்டு நோன்புப் பெருநாள விக்கிறியே! அந்த அல்லாவே ஒண்ணுதான் குடுத்தான். எங்கடையில தெனம் பத்துப் பேரு கறி கொறஞ்சுபோச்சுன்னு சண்டைக்கு வாரான். இன்னும் ரெண்டு துண்டு வச்சு அனுப்புறேன். ஒருத்தன்கிட்டயாவது பதினெட்டுப் பக்கக் காகிதத்தக் காட்டியிருப்பனா?”

“டென்ஷன் ஆகாதீங்க சார், தண்ணி குடிங்க” என்று ஜெரோம் பாட்டிலைத் தள்ளினார்.

“நோன்புடா!”

வரவேற்பறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஜெரோம் பாட்டிலை அவசரமாக மேஜைக்கு அடியில் ஒளித்தார். குரலைத் தாழ்த்தினார். “பாய், ஞாயித்துக்கிழமையானா எங்க வீட்டுக்கு ஒங்க கடைப் பிரியாணிதான். நான் என்ன செய்ய? தேதிய மாத்துற பட்டனே சிஸ்டத்துல இல்ல.”

வெளியே கார் நிறுத்துமிடத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. இன்னொரு முறை முழுப் பணம் கட்ட வழியில்லை. சம்பந்தி அப்துல் ஹக்கீமுக்கு நத்தத்தில் புளி மண்டி, நாலு தெருவுக்குப் பெரிய மனிதர். அவரிடம் என்ன சொல்வது?

“கடையிலயே வைங்கத்தா. நாளைக்குப் பூட்டித்தான கெடக்கும்?” என்றாள் ஹாஃபிஸா.

“டேபிள் தொடைக்கிற எடத்துலயா நிச்சயம் பண்ணுவாக? சம்பந்தம் முறிஞ்சு போயிரும்த்தா.”

“மோதிரத்த வெரல்லதான போடுவாக? ஹாலுக்கா போடுவாக?”

சௌகத் அலி சம்பந்தியின் நம்பரை அழுத்தினார். பிறையில் ஆரம்பித்துச் சுற்றி வளைத்துக் கடையில் கொண்டுவந்து முடித்தார்.

“கடையிலயா வைக்கிறீங்க?” என்றார் ஹக்கீம். “அல்ஹம்துலில்லாஹ்! ஒரு வாரமா வீட்ல இதே பேச்சுத்தான். திண்டுக்கல்ல பிரியாணிக் கடைக்காரர்ட்ட சம்பந்தம் பண்ணிட்டு, எவனோ ஓட்டல்காரன் ஆக்குறதத் திங்கணுமாங்குறாக. நீங்க பெரிய எடமா இருக்கணும்னு ஆசப்படுறீங்கன்னுதான் நான் வாயத் தொறக்கல.”

சௌகத் அலி போனை வைத்துவிட்டு, அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்கு முதுகைக் காட்டிக் கடைக்குக் கிளம்பினார்.

சனிக்கிழமை சாயங்காலம் எட்டு டேபிளை ஒட்டிப் போட்டு வெள்ளைத் துணி விரித்தார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஹாஃபிஸாவை உட்கார வைத்து, மாப்பிள்ளையின் அம்மா மோதிரம் போட்டார். நத்தத்து ஆட்கள் மூன்றாம் பந்திக்கும் உட்கார்ந்தார்கள். ஹக்கீம் எல்லோரும் கேட்கும்படி சம்பந்தியின் கைப்பக்குவத்தைப் புகழ்ந்தார்.

ஓட்டலுக்குக் கட்டிய ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் திரும்பி வரவில்லை.