புத்தகத்தில் இல்லாத வீடு

விஜயகலா வாசித்துக்கொண்டிருந்த பக்கத்தில் இன்ஸ்பெக்டர் மாசிலாமணி ஹெலிகாப்டரில் தொங்கிக்கொண்டிருந்தார். அந்த வரியைத் தாண்டி, இல்லாத வரி ஒன்றைக் கண்ணெதிரே இருப்பதுபோல வாசித்தாள். செத்துப்போன காவலாளியின் வீட்டுக்கு, அவன் மனைவியைப் பார்க்க, இன்ஸ்பெக்டர் நடந்தே போனார் என்று. கட்டிலில் கிடந்த அழகமுத்துவின் முகம் இளகியது.

பலாங்கொடைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசையில் அது கடைசி வீடு. தேயிலை பேக்டரியில் வேலை செய்த காலத்திலிருந்தே அழகமுத்து, மாசிலாமணி துப்பறியும் அந்த மாத நாவலை விடாமல் வாசித்தவர். இரத்தத்தில் சீனி கூடி, அந்தச் சீனி வருத்தத்தில் கண் மங்கிய பிறகு, டவுனில் புடவைக்கடை வேலைக்குப் போகும் மகள் விஜயகலா வாங்கிவந்து வாசித்துக் காட்டினாள்.

ஆரம்பக் கதைகளில் ஒரே ஒரு சாவுதான் இருக்கும். மாசிலாமணி முதலில் செத்தவரின் வீட்டுக்குப் போவார். கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பார். கொலைகாரனைப் பிடிப்பதெல்லாம் அப்புறம். போகப்போக எழுதியவருக்கே சலித்துவிட்டதோ என்னவோ, நாலு பக்கம் திருப்புவதற்குள் பிணங்கள் விழுந்தன. யாருக்காகவும் யாரும் அழவில்லை. அழகமுத்து கேட்டுக்கொண்டே தூங்கிப்போனார். அந்த எரிச்சலில்தான் ஒருநாள் விஜயகலா, செத்தவனுக்கு ஒரு வீட்டைக் கட்டி உள்ளே ஒரு தாயை உட்காரவைத்தாள். அழகமுத்து கண்ணைத் திறந்தார்.

"பார்த்தியா புள்ள, பழைய மனுசன் திரும்பி வந்துட்டாரு."

அதன் பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை.

இப்போது சிறுநீரகமும் போய்விட்டது. வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும்படி ஆஸ்பத்திரி டாக்டர் சிங்களத்தில் மெதுவாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அம்மா தங்கம்மா காலையில் வெறும் தேயிலைச் சாயத்தண்ணியோடு கொழுந்தெடுக்க மலைக்குப் போயிருந்தாள். அழகமுத்துதான் போகச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து அழுதால் தனக்குக் கதை கேட்காது என்றார்.

பக்கத்து வீட்டு மல்லிகாவை உட்காரச் சொல்லிவிட்டு, விஜயகலா மலைநீர் விழும் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனாள். திரும்பியபோது வாசலிலேயே நின்றுவிட்டாள். சும்மா இருப்பானேன் என்று மல்லிகா புத்தகத்தை எடுத்து, காவலாளி சுடப்பட்ட பக்கத்திலிருந்து உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள். ஒரு வரியில் அவன் செத்தான். அடுத்த வரியில் ஹெலிகாப்டர் வந்தது.

மல்லிகா போன பிறகு அழகமுத்து மகள் நின்ற பக்கம் தலையைத் திருப்பினார்.

"மல்லிகா வாசிச்சதுல அந்தக் காவக்காரன் பொண்டாட்டிய காணோமே."

விஜயகலா குடத்தை இறக்கிவைத்தாள்.

"ரொம்ப நாளாவா புள்ள?"

"ஆமாப்பா."

அவர் கை போர்வையின்மேல் தேடியது. அவள் தன் கையைக் கொடுத்தாள்.

"எழுதுறவரு எப்பவோ விட்டுட்டாரு போல" என்றார். மூச்சு வாங்கியது. "நீ ஒன்னோடதையே வாசி. அந்தப் பொம்பள என்னா செஞ்சா?"

புத்தகத்தை மடியில் விரித்துவைத்து, அதைப் பாராமலே வாசித்தாள். காவலாளியின் மனைவி கருவாடு பொரித்துக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். யார், என்ன என்று கேட்காமலே அவள் தண்ணீர் கொண்டுவந்தாள். இன்ஸ்பெக்டரை வாய் திறக்கவைக்க விஜயகலாவுக்கு மனம் வரவில்லை. வீட்டையும் முற்றத்துப் பலாமரத்தையும் சொல்லிக்கொண்டே போனாள். மழை பிடித்தது. கூரைத் தகரத்தின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தியபோதுதான், தன் கையைப் பற்றியிருந்த விரல்கள் தளர்ந்திருப்பது தெரிந்தது. அவர் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தாள். மறுபடியும் வைத்துப் பார்த்தாள். பிறகு அவர் கண்களை மூடிவிட்டாள்.

மழை தூறலானபோது பின்வாசலில் அம்மாவின் குரல் கேட்டது. பகல் சோற்றுக்கு இறங்கி வந்தவள், படியில் உட்கார்ந்து காலில் ஏறிய அட்டைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"என்னா செய்றாரு?"

சொல்லிவிட்டால் இனி வீட்டில் அடுப்பு எரியாது. உடம்பைத் தூக்கும்வரை அம்மாவின் வாயில் ஒரு பருக்கை போகாது.

"கதை கேக்குறாரும்மா. நீங்க மொதல்ல சாப்பிடுங்க."

அம்மாவுக்குக் கேட்கும்படி வாசிக்கத் தொடங்கினாள். குரல் உடைந்த இடத்தில் இருமிக்கொண்டாள். குசினியில் சட்டியின் மூடி விலகியது. பருப்புக்கு உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது, ஆனாலும் ருசியாக இருக்கிறது என்றாள் அம்மா.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்கம்மா."

சோற்றுப் பானையில் அகப்பை உரசியது. விஜயகலா பக்கத்தைத் திருப்பினாள்.