ஸ்பின்ஸ்டர்

சரியாக நாற்பத்தொரு மணி நேரமாக ராமலட்சுமி ஒரே ஒரு வார்த்தையைச் சுமந்துகொண்டு திரிந்தாள்.

செவ்வாய் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பக்கத்து வீட்டுத் தங்கத்தாய், வக்கீல் ஆபீஸில் டைப் அடித்த தாளை நீட்டினாள்.

"பி.எஸ்ஸி. படிச்ச புள்ள, எம் பேருக்குப் பக்கத்துல என்ன போட்டிருக்குன்னு பாரு."

தங்கத்தாய், ஸ்பின்ஸ்டர், வயது 38.

தங்கத்தாய் அருப்புக்கோட்டை நூல் மில்லில் வேலை பார்ப்பவள். தகப்பனார் விட்டுப்போன கிணற்றில் பங்கு கேட்டு அண்ணன் சண்முகவேல் மேல் கேஸ் போட்டிருந்தாள். என்ன வேலை என்று குமாஸ்தா கேட்டதற்கு, "ஸ்பின்னிங்" என்றாளாம்.

ராமலட்சுமிக்குத் தெரியாது என்று சொல்ல நாக்குக் கூசியது.

"நூல் நூக்குறவுகன்னு அர்த்தம்க்கா."

"பரவால்லயே, நம்ம சோலிக்கும் கோர்ட்டுல ஒரு பேரு இருக்கு!" தங்கத்தாய் அங்கேயே கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் நூலகத்தில் பெரிய அகராதி வேறு கதை சொன்னது. 'ஸ்பின்', நூற்பதைக் குறிக்கும் பழைய ஜெர்மானியச் சொல். பெண்ணைக் காட்டும் 'ஸ்டர்' சேர்ந்ததும் நூற்பவள். இங்கிலாந்தில் பத்திரம் எழுதியவர்கள் பெண்ணின் பேருக்குப் பக்கத்தில் அதைத் தொழிலாக எழுதினார்கள். கல்யாணமாகாதவர்கள்தான் அதிகம் நூற்றுப் பிழைத்தார்கள். போகப்போகத் தொழில் உதிர்ந்து, கல்யாணமாகாதவள் என்ற அர்த்தம் மட்டும் பத்திரத்தில் தங்கிவிட்டது.

ராமலட்சுமி சொன்னது பாதி சரி. அதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது. இருபத்தாறு வயதாகியும் கல்யாணமாகாத அவளுக்கல்லவா அந்த வார்த்தை பொருந்தும்! தங்கத்தாய் வீரசோழன் ஊர்ப்பக்கம் வாழ்க்கைப்பட்டு, ஏழாம் மாதமே தாலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தவள். அது சண்முகவேலுக்குத் தெரியாதா? தாளில் உள்ளதெல்லாம் உண்மை என்று அவள் கோர்ட்டில் சத்தியம் செய்தால், முதல் வரியே பொய். கிணறு கைநழுவிப் போகும்.

புதன்கிழமை ராமலட்சுமி மூன்று தடவை தங்கத்தாயின் வாசல்வரை போய், சொல்லாமலே திரும்பினாள்.

வியாழன் காலை பத்து மணி. கோர்ட்டு வேப்பமரத்தடியில் சண்முகவேல் எகத்தாளமாகச் சிரித்தான். "மில்லு மகாராணி வந்துட்டாகளா?"

"ஆமண்ணே. இங்கிலீஷ்லயே பட்டம் போட்டிருக்கு. உனக்குப் படிக்கத் தெரியாது."

கூட வந்திருந்த ராமலட்சுமி தங்கத்தாயின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"அக்கா, உள்ள போகாதீக. அதுக்குக் கல்யாணமாகாத பொண்ணுன்னு அர்த்தம். வக்கீல்கிட்டச் சொல்லி மாத்தணும்."

தங்கத்தாய் தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பாவிப்பய குமாஸ்தா! ஒன்னையுமில்ல ஏமாத்திப்புட்டான். நீ என்னடி செய்வ, பாவம்."

தலையை ஆட்டினால் போதும்.

"இல்லக்கா," என்றாள் ராமலட்சுமி. "எனக்கு அந்த வார்த்தையே தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."