லாகூர் சால்வை

எழுபத்தொன்றாம் வருடப் போரில் மாண்ட கணவனின் பெயர் பொறித்த கல்லின் முன்னால், குடிபாலாவில், செங்கம்மா நின்றாள். துபாயிலிருந்து விடுமுறையில் வந்த மகன் தனசேகர், கல்லுக்கு மாலை போட்டுவிட்டு அவளிடம் ஒரு சால்வையை நீட்டினான்.

"என் ரூம்ல இருக்கிற தாரிக்கோட அம்மா லாகூர்லருந்து உனுக்கோசரம் அனுப்புனாங்கம்மா. அவன் நைனாவும் அந்தச் சண்டையில இருந்தவருதான். இப்ப நாங்க ஒண்ணாத் துன்னுக்கினு, ஒண்ணாத் தூங்கிக்கினு இருக்கோம்."

செங்கம்மா சால்வையைத் தடவினாள். மிருதுவாக இருந்தது.

"நல்ல மனுசங்கதான். ஆனா நீ வயித்துல இருக்கச்சொல்ல, அவங்க எதிரிங்கன்னு சொல்லித்தானே உங்க நைனாவைச் சண்டைக்குக் கூட்டிக்கினு போனாங்க? அப்ப யாருக்கும் இது தெரியலியா?"

அவள் சால்வையை மடித்து அவன் கையிலேயே திணித்துவிட்டு, பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள்.