சொட்டாத கார்ப்பரேட்டர்

...ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு விழுந்துவிட்டால் போதும், என் பெண்டாட்டி வடிவு சொன்னது நிஜம் என்று ஆகிவிடும், ஆனால் இந்தப் பாழாய்ப்போன கார்ப்பரேட்டர் அரை மணி நேரமாகக் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருக்கிறது, பழைய பியட் காரிலிருந்து கழற்றி ஷெட் மேசையில் வைத்து, மேலே ஆணியில் பெட்ரோல் பாட்டிலைத் தொங்கவிட்டு, சன்னக் குழாய் வழியாக இறக்கியிருக்கிறேன், அடியில் பட்டுப்புடவைப் பெட்டியின் மூடி, உள்பக்கம் வெள்ளை அட்டை, ஈரம் பட்டால் காட்டிக்கொடுத்துவிடும், ஒழுகலை நான் இப்படித்தான் பிடிப்பேன்... பாட்டிலை அண்ணாந்து பார்க்கக் கூடாது, பார்த்தால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வடிவு கையில் ஏறிய பாட்டில் ஞாபகம் வருகிறது, அவள் போய் எட்டு மாசம் ஆயிற்று. பக்கத்தில் ஜிப்ஸி ஜீப்பின் கார்ப்பரேட்டர், புதுப்பேட்டைப் பழைய சாமான் கடையில் பொறுக்கி எடுத்தது, பியட்டில் அப்படியே உட்காராது, நடுவில் வைக்க அலுமினியத் தகடும் பட்டறையில் கடைந்து வாங்கியாயிற்று, பழையதைத் தூக்கி எறிந்துவிட்டு இதைப் பூட்ட வேண்டியதுதானே காசிநாதா, ஏன் உட்கார்ந்து வேவு பார்க்கிறாய்?

பக்கத்து ஊர் கூரத்துக்குக் காரில் போகும் வழியில்தான் முதலில் சொன்னாள், "இன்னாய்யா, பெட்ரோலு நாத்தம் கொமட்டுது, உனுக்கு அடிக்கலியா?" எனக்கு எப்படி அடிக்கும், முப்பது வருஷம் பெட்ரோலில் கை கழுவினவன், மூக்கு எப்போதோ செத்துவிட்டது, கண்ணால்தான் நான் மோப்பம் பிடிப்பது, ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தேன், ஈரம் இல்லை, ஆனாலும் அன்று சாயந்திரமே கழற்றிக் கழுவி வாஷர் மாற்றினேன். அடுத்த வாரம் மறுபடி நாற்றம், மறுபடி கழற்றினேன், ஊசி வால்வு மாற்றினேன், ஃப்ளோட் மாற்றினேன்... தலை வலிக்கிறது என்றாள், இந்த நாற்றத்தால்தான் என்றாள், நானும் நம்பினேன், நம்பியது மட்டுமா, ரோஷம் வேறு, ஊரான் வண்டியை எல்லாம் சரி செய்கிறவன் வீட்டு வண்டி ஒழுகுகிறதாம்! சோறு வடிக்கும்போதும் நாறுகிறது என்றாளே, அடுப்பங்கரையில் ஏதடா கார்ப்பரேட்டர் என்று கேட்கத் தோன்றியதா எனக்கு? என் சட்டையில்தான் அடிக்கிறது என்று சட்டையைக் கழற்றி வாசலில் போட்டேன், மடையன். ஏனாத்தூர் காலேஜிலிருந்து வந்த மகள் ஜோதிகா, "அம்மா, நீ ரொம்ப ஓவரா சீன் போடற" என்றாள், அதற்கப்புறம் வடிவு அவளிடம் எதையும் சொல்லவில்லை. ஐந்து மாசத்தில் ஏழு தடவை கார்ப்பரேட்டரைக் கழற்றினேன், அவளை ஒரு தடவைகூட டாக்டரிடம் கூட்டிப் போகவில்லை, அவள் அடுப்பங்கரையில் விழுந்த பிறகுதான்... தலைக்குள் கட்டி. இல்லாத வாசனை ஏதாவது வருவதாகச் சொன்னாங்களா, என்று டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். இல்லை சார் என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். பக்கத்தில் நின்ற ஜோதிகாவின் காதில் கேள்வி விழவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மொட்டைத் தலையோடு ஆபரேஷனுக்குப் போகும்போதுகூட வடிவு, "வேற கார்ப்பரேட்டர் போட்டுடுய்யா, அதுலதான் நான் ஊட்டுக்கு வருவேன்" என்றாள், சரி என்றேன், அதுவும் பொய்யாகிப் போனது.

ஒரு மணி நேரம் ஆகப் போகிறது. அட்டையைத் தடவுகிறேன், காய்ந்துதான் கிடக்கிறது, கேஸ்கெட் ஓரத்தில் விரலை ஓட்டுகிறேன், அங்கேயும் ஈரமில்லை, ஏழு தடவையும் சுத்தமாகத்தான் வேலை செய்திருக்கிறாய் காசிநாதா, சந்தோஷமா? ஒழுகியிருந்தால் அவள் மோந்தது பெட்ரோல், நோய் சொல்லாமல் கொள்ளாமல் வந்தது, யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது... ஒழுகவில்லை என்றால்? அந்த அரற்றல் எல்லாம் நோயின் குரல், ஐந்து மாசமும் அது என்னிடம்தான் பேசியிருக்கிறது. டீயோடு ஜோதிகா வருகிறாள், இந்த எட்டு மாசத்தில் ஒரு நாளாவது அம்மா பேச்சை எடுத்திருப்பாளா, அவள் பார்வை என் மேல் இல்லை, அட்டை மேல். "லீக் ஆவுதாப்பா?" என்கிறாள், குரல் சாதாரணமாகத்தான் இருக்கிறது, டம்ளரை என்னிடம் நீட்டாமல் அட்டை மேல் குனிகிறாள். ஐயோ, இவளும் அந்த ஒரு சொட்டுக்குத்தான் காத்துக்கொண்டிருக்கிறாளா? அட்டையை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன். "ஆவுதுமா. லீக்குதான். உங்கம்மா சொன்னது நெஜம், பெட்ரோலுதான் அடிச்சிக்கினு இருந்துருக்குது." டம்ளரை வைத்தாள், என் கையை மெல்ல விலக்கினாள், வெள்ளை அட்டையில் விரலை வைத்தாள், வைத்தபடியே நின்றாள். "ஆமாப்பா," என்றாள், "ஈரமாத்தான் இருக்குது."

அவள் உள்ளே போய்விட்டாள். காய்ந்த அட்டையை ஈரம் என்றாளே, அப்படியென்றால் அன்றைக்கு டாக்டர் கேட்டது அவள் காதில் விழுந்திருக்கிறது. ஸ்பானரை எடுத்தேன், எந்த நட்டுக்கு எடுத்தேன் என்று தெரியவில்லை, பாட்டிலில் பெட்ரோல் வைத்த அளவிலேயே நின்றது, டீ ஆறிக்கொண்டிருந்தது...