சிவரூபி தேடிய சேர்வர்

எனக்குக் கொம்பியூட்டர் என்றாலே எரிச்சல். பதுளையில் ஒரு தேயிலைத் தோட்டக் கம்பனியின் கந்தோரில் தலைமைக் கிளாக்கராக இருந்துகொண்டு இதைச் சொல்வது அழகல்ல, ஆனாலும் சொல்கிறேன். 2003இல் அந்த எரிச்சலையும் மீறி என்னை வாய்விட்டு மெச்ச வைத்தவள், எங்கள் கொம்பியூட்டர்களைக் கவனித்துக்கொண்ட சிவரூபி.

அப்போது அவளுக்கு ஆறு மாதம். முன்பு ஒன்று கலைந்துபோனதால், இந்த முறை நேரத்தோடு லீவு எடுத்துப் படுத்திருக்கச் சொல்லியிருந்தார் டொக்டர். மெனேஜர் சிதம்பரநாதனோ கையெழுத்துப் போட மாட்டேன் என்றார்.

"நீர் போனால் மெயிலை ஆர் பார்க்கிறது? நீர் இல்லாமல் ஓடுற மெயில் சேர்வர் ஒண்டைப் போட்டுத் தாரும். பிறகு லீவைப் பற்றிக் கதைப்பம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் சண்டை போடவில்லை, தேட ஆரம்பித்தாள்.

கொழும்பிலிருந்து ஒருவர் பௌர்ணமிப் போயா விடுமுறையன்று வந்து பெரிய மென்பொருள் ஒன்றைப் போட்டுக் காட்டினார். அதில் இல்லாத வசதியே கிடையாது. பறந்தது. மெனேஜருக்கு வாயெல்லாம் பல்.

"இண்டைக்கு ஒரு தோட்டத்திலயும் கொழுந்து எடுக்கேல்லையே. நாளைக்குப் பின்னேரம் பார்ப்பம்" என்றாள் சிவரூபி.

அதுதான் விஷயம். பின்னேரம் கொழுந்து நிறுத்து முடிந்ததும் ஹாலிஎல முதல் அப்புத்தளை வரை எங்கள் தோட்டங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அன்றைய நிறையை மெயிலில் அனுப்பும். நாங்கள் அதைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். பெரிய மென்பொருள் அந்தக் கூட்டத்தைத் தாங்கியது. ஆனால் கரண்ட் போய் வந்ததும் படுத்துவிட்டது, எழுப்பக் கொழும்பு ஆளே வரவேண்டியிருந்தது. அடுத்து அவள் போட்டது மிகச் சின்னது. யாரும் ஓட்டலாம், ஆனால் நிறுவை நேரத்தில் மூச்சுத் திணறியது.

மூன்றாவதை எங்கிருந்துதான் பிடித்தாளோ. அமைப்புகள் எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கியிருந்தன. வந்த மெயிலை முதலில் பத்திரமாகச் சேமித்துவிட்டுத்தான் அது மறுவேலை பார்க்கும். மெயில்கள் வந்து குவிகிற நேரம் பார்த்து, அந்த மகராசி கரண்ட் வயரைப் பிடுங்கிவிட்டாள்.

"என்னம்மா பண்றீங்க? பைத்தியம் புடிச்சிருச்சா?"

"இப்ப நீங்கள் எழுப்புங்கோ, ரெங்கசாமி அண்ணை."

"நானா? எனக்கு இந்தச் சனியனப் பத்தி ஒன்னும் தெரியாதுங்களே."

"அதாலதான் உங்களைக் கேக்கிறன். உங்களால ஏலாதெண்டால் இது எனக்கு வேண்டாம்."

வயரைச் சொருகிப் பொத்தானை அமத்தினேன். சேர்வர் தானாக எழுந்து, ஒரு மெயிலும் குறையாமல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. வரிசையில் சிக்கி மற்றவற்றை மறிக்கும் மெயிலைத் தள்ளி அனுப்பவும் அன்றே பழகினேன். கெட்டிக்காரர்கள் தங்களை விட்டால் ஆளில்லை என்று காட்டிக்கொள்வதைத்தான் அதுவரை பார்த்திருக்கிறேன். இவள் தான் இல்லாமலே ஓட வேண்டும் என்று பாடுபட்டாள். என்ன மூளை! மெனேஜர் முணுமுணுத்தபடி கையெழுத்துப் போட்டார்.

அவளைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கே, நிறுவை நேரத்தில் இடி இடித்துக் கரண்ட் போனது. திரும்பி வந்ததும் சேர்வர் எழுந்தது, ஆனால் கொழும்புக்குப் போகவேண்டிய மெயில்கள் அப்படியே நின்றன. சிக்கியிருந்த ஒன்றைத் தேடித் தள்ளிவிட்டேன். மற்றவை வரிசையாகப் போகத் தொடங்கின.

நிமிர்ந்தால், மெனேஜர் சிவரூபியின் வார்ட்டுக்குப் போன் அடித்துக்கொண்டிருக்கிறார். எழுந்துபோய்ப் போனின் பொத்தானை விரலால் அமத்தி லைனைத் துண்டித்தேன்.

"எல்லாம் போயிருச்சுங்க சேர். அவங்க லீவுல இருக்காங்க."

அவர் ரிசீவரைக் கீழே வைக்கும்வரை நான் விரலை எடுக்கவில்லை.